இரண்டாவது ரிமோட்

சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் கேசட், ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் ஒயர்களுடன் இரண்டு ரிமோட். நெல்லிவாசல்நாட்டில் எங்கள் ஊருக்கு முதலில் வந்த வீடியோ கேம் அதுதான். கேரளாவில் மிளகு பறித்துவிட்டுத் திரும்பிய அண்ணன், ஆலங்காயத்தில் அதை வாங்கி, ஜீப்பில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலையேறினான். அரசு கொடுத்த டி.வி.யில் மாட்டியதும், சாமை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

இரண்டு ரிமோட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கவும் நடுவில் நிறுத்தவும் உள்ள பட்டன் முதல் ரிமோட்டில் மட்டும்தான். அது எப்போதும் அண்ணன் கையில் இருக்கும். என் ஆள் சாகப்போகும் நேரமாகப் பார்த்துச் சட்டென்று நிறுத்திவிட்டு, "இன்னா பாப்பா, தண்ணி குடிச்சிட்டு வர்றியா? உன் ஆளு பயந்துக்கினு நிக்கிறான் பாரு" என்பான். "நீ அமுத்துண்ணா, நான் ஒண்ணும் சாவல" என்று கத்துவேன். வீட்டிலும் எதையும் தொடங்குவதும் நிறுத்துவதும் அவன்தான். அப்பா இறந்தபின் என்னை விடுதியில் சேர்த்தது, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்க வைத்தது எல்லாம் அவன் முடிவு. "நீ படி. மத்தத நான் பாத்துக்கறேன்."

நான் படித்து முடிக்கும் சமயத்தில், கிணறு வெட்டும் வேலை என்று சொல்லி ஒரு மேஸ்திரி ஊர் ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போனார். அண்ணனும் போனான். ஆந்திரக் காட்டில் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டத்தான் கூட்டிப்போனார் என்பது, அவர்கள் பிடிபட்ட பிறகே எங்களுக்குத் தெரிந்தது. சிறையிலிருந்து அவன் வீடு திரும்பச் சில வருடங்கள் ஆயின.

திரும்பியவன் சண்டை போடவில்லை, குடிக்கவில்லை. அம்மா "சாப்புடு" என்றால் சாப்பிட்டான். சொல்லாவிட்டால் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கதவு திறந்திருந்தாலும் வெளியே போக யாராவது சொல்ல வேண்டும். போன மாதம் அதே மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஆள் அனுப்பியிருந்தார். "அவன் கூப்ட்டா இவன் போய்டுவான்டீ. எதுனா பண்ணு" என்று அம்மா போனில் அழுதாள்.

நான் முதல் நாளே ஊருக்கு வந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். பழுது பார்க்க எனக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் மின்சாரம், பிறகு ஒயர், பிறகு கேசட், கடைசியில்தான் பெட்டியைத் திறப்பது. அறுந்திருந்த ஒயரைப் பற்றவைத்ததும் படம் வந்துவிட்டது. ஞாயிறு காலை முதல் ரிமோட்டை அண்ணனிடம் நீட்டினேன். அவன் தரையில் கிடந்த இரண்டாவதை எடுத்துக்கொண்டான்.

"அது என்னுதுண்ணா."

"இது போதும். நீ அமுத்து பாப்பா."

அமுத்துவதற்குள் வாசலில் ஜீப் ஹாரன் கேட்டது. அவன் என்னைப் பார்த்து, "போவட்டுமா?" என்றான். நான் எழுந்து வெளியே போனேன்.

"இன்னா இஞ்சினியரம்மா, எப்ப வந்த?" என்று சிரித்தார் மேஸ்திரி. "அண்ணன அனுப்பு. இந்த வாட்டி நெஜமாவே கெணறுதான்."

"அண்ணன் வர்ல. நீங்க கெளம்புங்க."

"அத அவன் சொல்லட்டுமேம்மா."

எனக்கும் அதை அவன் வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. இருவரும் காத்திருந்தோம். உள்ளேயிருந்து, இன்னும் தொடங்காத ஆட்டத்தின் இசை மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

"இன்னா சொன்ன?" என்றான் அண்ணன்.

"நீ வரமாட்டன்னு சொல்லிட்டேன்."

"சரி."

போகச் சொல்லியிருந்தாலும் இதே குரலில்தான் "சரி" என்றிருப்பான்.