உதடு படாத மூச்சு

அண்ணனுக்கு எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்துவிட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேதி 24.9.1997, புதன்கிழமை. "இங்கே காலை பத்து மணிக்கும் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது. எதிர்வீட்டுக்காரர்கள் வெறும் குரலாக இருக்கிறார்கள்" என்று தொடங்குகிறது. கடலுக்கு அப்பால் காடுகள் எரிந்த புகை அது. இங்கே ஜெரெபு என்கிறார்கள். கடைசி வரி: "இந்த நாட்டுக் காற்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் இருந்தால் மாமாவைப் போல் ஆகிவிடுவேன். டிக்கெட் போடு, வந்துவிடுகிறேன்."

மாமா என் கணவரின் அப்பா. மலாக்காவின் ஜாசினுக்கு அருகில் ஓர் எஸ்டேட்டில், ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் ஸ்மோக் ஹவுஸில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்று ஜாசின் டவுனில் எங்களோடு தங்க வந்தபோது சிகரெட்டும் இருமலும் கூடவே வந்தன. குளியலறையிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் ஒருமுறை சுவரைப் பிடித்து நிற்பார். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு, வந்த இரண்டாம் வருடம் இளைப்பு தொடங்கியது. விடியற்காலையில் நெஞ்சு விசிலடிக்கும். பகலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

"நமக்கு ஒரே சீக்குதான்லா, மருமவளே. சொத்துல பங்கு கேக்காம சீக்குல கேட்டுட்ட" என்பார் மாமா. சிரிப்பேன். பிறகு அவர் சுவரைப் பிடிப்பதைப் பார்த்துப் பயப்படுவேன்.

இளைப்புக்கு வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் நீல பம்ப் ஒன்றைக் கிளினிக்கில் எனக்குக் கொடுத்தார்கள்; அதை இருவரும் பயன்படுத்தினோம். ஆனால் மாமனாரும் மருமகளும் ஒரே பொருளில் வாய் வைப்பதா? எங்கள் ஊரில் தண்ணீர்ச் சொம்பையே உதட்டில் படாமல் தூக்கித்தான் குடிப்போம். எஸ்டேட்டிலும் அதே பழக்கம் என்றார் மாமா. ஆகவே அண்ணாந்து, பம்ப்பை வாய்க்கு மேலே பிடித்து, ஓர் அமுக்கு அமுக்கி விழுங்கினோம்.

அக்டோபரில் இருவரும் மலாக்கா டவுன் மருத்துவமனைக்குப் போனோம். மூச்சை அளக்கும் கருவியில் ஊதச் சொன்னார் மலாய் மிஸ்ஸி. நர்ஸை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். குழாயை உதட்டிலிருந்து விலக்கிப் பிடித்து ஊதினேன்.

"ஜாஙான் மாலு, காக்" என்றார் அவர். கூச்சப்படாதீர்கள் அக்கா, என்று பொருள். எனக்குக் கூச்சமே இல்லை. எச்சில் என்பதை மலாயில் எப்படிச் சொல்வது? அவர் புதிய அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து மாட்டிய பிறகுதான் வாய் வைத்தேன்.

டாக்டர் தமிழ்ப் பெண். பம்ப் அடிக்கும் முறையை மாமா செய்து காட்டியதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, இது என்ன இளநியா? நெஞ்சுக்குப் போவ வேண்டிய மருந்து வயித்துக்குல்ல போவுது!"

மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக மூடி, மெதுவாக உள்ளிழுக்கும்போதே அமுக்கி, கொஞ்ச நேரம் அடக்கி வைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஒரு பம்ப், பகிர்ந்துகொள்ளவே கூடாது. அப்படி மருந்து எடுத்தபின் மீண்டும் ஊதினோம். என் அளவு நன்றாக ஏறியது. மாமாவுடையது இருந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம்தான் அசைந்தது.

"ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது, ஆனா சீக்கு வேற" என்றார் டாக்டர். எனக்கு ஆஸ்துமா: மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கும், மருந்து போனால் விரியும். இளைப்பு இல்லாத நாளிலும் தடுப்பு மருந்தான பழுப்பு பம்ப்பை எடுத்து வாய் கொப்பளித்துவிட்டால், எல்லாரையும்போல் வாழலாம். மாமாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்: வருடக்கணக்கில் புகை அரித்தது. போனது திரும்பாது; இருப்பதைக் காப்பாற்றலாம். முதலில் சிகரெட் போக வேண்டும்.

மாமா வாதத்தை விடவில்லை. "பொகை போட்ட ஷீட்டுல பூஞ்சை புடிக்காது டாக்டர். நெஞ்சும் அப்படித்தான்லா."

"ஷீட்டு மூச்சு விடாதுலா ஐயா."

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும் முன் மாமா, "அப்ப ஒனக்கு என் சீக்கு இல்ல" என்றார். அதில் சந்தோஷம் இருந்தது. அண்ணனுக்கு எழுதிய கடிதத்தை அன்று டைரிக்குள் செருகினேன்.

அவருடைய தினசரி சிகரெட் கணக்கு என் டைரியில் இருக்கிறது: ஐந்து, மூன்று, நான்கு, ஒன்று, மீண்டும் மூன்று. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஒன்றுமில்லை. மழை வந்து வானம் கழுவப்பட்ட ஒரு காலையில் தனியாகப் பசாருக்கு நடந்துபோய் மீன் வாங்கி வந்தார். "நாலு எடத்துல நின்னேன். எழுதிக்கோ" என்றார். எழுதினேன்.

ஒரு விஷயம் பாக்கி. மருத்துவமனையில் கொடுத்த என் நோயாளி அட்டையில் நோய் தொடங்கிய இடமும் வருடமும் எழுத வேண்டும். "இங்கே வந்த பிறகுதான்" என்று நான் சொன்னபோது, "சின்ன வயசுல வந்து அடங்கியும் இருக்கலாம், அம்மாகிட்ட கேளுங்க" என்றிருந்தார் டாக்டர். கேட்டு எழுதினேன். உனக்கு அப்படி எதுவும் வந்ததில்லை என்று அம்மாவின் பதில் வந்தது. அதே தாளின் ஓரத்தில் பெரியம்மா எழுதியிருந்தார்: மூன்று வயதில் களத்தில் நெல் தூற்றும்போது மூச்சு முட்டி, உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினோம். அதற்குக் கீழே மறுபடி அம்மா: அது நீயில்லை, உன் அண்ணன். அண்ணனுக்கோ எதுவும் நினைவில்லையாம். அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "தொடக்கம், அறந்தாங்கி அல்லது ஜாசின். இன்னும் உறுதியாகவில்லை."