அசையாமல் உட்கார்வது

எனக்கு மூச்சு விடத் தெரியவில்லை என்று சொன்னது பொன்னேரி ஆஸ்பத்திரி நர்ஸ். பழவேற்காடு ஏரியில் பாதி ஆயுளைக் கழித்த நாற்பது வயதுக்காரியிடம் இப்படிச் சொன்னால் கோபம் வராதா? வந்தது. ஆனால் சண்டை போடும் நிலையில் நான் இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருந்தது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கைகழுவிவிட்டார்.

"பயம் வந்தா மூச்ச அடக்கிக்கிறீங்கக்கா. காலைல கண்ண மூடி அசையாம உக்காருங்க. மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் மட்டும் கவனிங்க. வேற ஒண்ணும் வாணாம்" என்றாள் அந்தப் பெண்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உலகத்தில் என்னால் முடியாத ஒரே காரியம் அசையாமல் இருப்பதுதான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஏரிக்குள் மண்டியிட்டு நகர்ந்தபடி உள்ளங்கையால் சேற்றைத் துழாவுவோம். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி இருக்கும். கை இரண்டும் வேலைக்கு வேண்டும் என்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். ஒருத்தி சட்டென்று அசையாமல் நின்றால் அவள் விரலில் இறால் பட்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே பக்கத்தில் இருப்பவர்களும் அப்படியே நிற்போம். கூப்பிடமாட்டோம், பேசமாட்டோம். தண்ணீர் கொஞ்சம் கலங்கினாலும் இறால் துள்ளி ஓடிவிடும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொள்வோம்.

போன பனிக்காலத்தில் ஒரு காலை என் தங்கை அப்படி நின்றாள். கை இரண்டும் சேற்றுக்குள், முகம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி குனிந்திருந்தது. நல்லதாக ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நின்றோம். அவள் பக்கத்திலேயே நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பறி மட்டும் தனியாக மிதந்து போனபோதுதான் கயிறு அவள் பல்லில் இல்லை என்று தெரிந்தது. உடனே தூக்கியிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள், மாரடைப்பு என்றார்கள். சொல்லட்டும். சொல்கிறவர்கள் யாரும் அங்கே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை.

அதற்கப்புறம் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே படபடப்பு வந்துவிடும். பைத்தியக்காரி மாதிரி கரைக்கு ஓடிவருவேன். தங்கையின் மகள் என்னோடுதான் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பொன்னேரி காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள், நான் ஓடிவருவதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு அம்மாவின் பறியை எடுத்துக்கொண்டாள்.

"காலேஜுக்கு போவலயா?"

"நீ மொதல்ல செரியாவு பெரிம்மா. அப்பால போறேன்."

நான் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பை ஆணியிலேயே தொங்கும். அதற்காகத்தான் நான் தியானம் செய்யப் போனேன். ஞானம் கீனம் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

தங்கை மகள்தான் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள். தேன் ஒழுகும் குரலில் ஒருவர் பேசினார். "அமைதியான ஓர் ஏரியை மனக்கண்ணில் பாருங்கள்" என்றார். அடப்பாவி, நான் எதை மறக்க உட்கார்ந்தேனோ அதையே பார்க்கச் சொல்கிறாயே என்று அணைத்துவிட்டேன்.

வெறுமனே கண்ணை மூடி உட்கார்ந்தேன். உடம்புக்கு அசையாமல் இருப்பது என்றால் ஒன்றே ஒன்றுதான் தெரியும். மூச்சு தானாக நின்றது. காது கூர்மையானது. யாரோ பக்கத்தில் குனிந்திருப்பது போலவே இருந்தது.

"பெரிம்மா, பாயத் தடவிக்கினு கீற" என்று அவள் குரல் கேட்டுக் கண் திறந்தேன். இரண்டு கையும் பாயின் மேல் இறால் தேடிக்கொண்டிருந்தன. அவள் சிரித்தாள். எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. தினமும் உட்கார்ந்தேன், தினமும் அதே கதி. மூச்சைக் கவனி என்றால் மூச்சு நிற்கிறது, கண்ணை மூடினால் பறி மிதக்கிறது. செத்துத் தொலைத்தால் தேவலை என்றுகூட நினைத்தேன். அதையும் செய்ய முடியாது, அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மறுபடியும் நர்ஸிடம் போனேன். "ரூமுக்குள்ள வாணாம்க்கா, காத்தாட உக்காருங்க" என்றாள். சரி என்று ஏரிக்கரைக்கே போனேன். பெண்கள் தண்ணீரில் வேலையாக இருந்தார்கள், தங்கை மகளும் அவர்களோடு இருந்தாள். நான் மணலில் சம்மணம் போட்டுக் கண்ணை மூடினேன். கொஞ்ச நேரத்தில் அவர்களின் பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. கண்ணைத் திறந்தேன்.

அவள் அசையாமல் இருந்தாள். அம்மாவைப் போலவே, முகம் தண்ணீரைத் தொட. சுற்றி எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

"மூச்சு வுடுடி! மூச்சு வுடு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

தலையைத் தூக்கினாள். கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னா பெரிம்மா, கைல வந்தது பூட்ச்சி" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி, "அறிவு கீதா ஒனக்கு? மொத்தமும் கலச்சிட்ட" என்று திட்டினாள். நான் தங்கை மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்போதுதான் என் இடுப்பு வரை தண்ணீர் இருப்பதைப் பார்த்தேன்.

ஓடவேண்டும் போலிருந்தது. ஓடினால் அவள் இங்கேயே இருப்பாள். அவள் கையிலிருந்த பறியைப் பிடுங்கினேன். "நாளைக்கு காலேஜுக்கு போற. இப்ப கரை ஏறு" என்றேன். பதிலுக்குக் காத்திராமல் கயிற்றைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டேன். வாய் அடைபட்டதும் மூச்சு மூக்கு வழியாகத்தான் போகவேண்டும். புஸ் புஸ்ஸென்று அது எனக்கே கேட்டது. நர்ஸ் சொன்ன மூச்சு அதுதானோ என்னவோ. பயம் போகவில்லை. பயத்தோடேயே சேற்றைத் தடவினேன்.

ஓரிடத்தில் விரலில் ஏதோ பட்டு நான் அசையாமல் ஆனேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்த நிசப்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள், இறால் ஓடினால் ஓடட்டும் என்று.

"ஏய், கீறியா?"

"ம்" என்றேன், கயிற்றுக்கு நடுவில்.

இப்போது ஏரியில் யார் அசையாமல் ஆனாலும் ஒருத்தி கேட்டுவிடுகிறாள். இறால் ஓடத்தான் செய்கிறது. புத்தகப் பை ஆணியில் இல்லை. என்னைக் கேட்கும்போதெல்லாம் நான் "ம்" என்கிறேன். அப்புறமும் என் காது, தங்கை நின்ற பக்கத்தில் இன்னொரு "ம்" வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.