கண்ணாடி மறைத்த கை

பீளமேட்டில் பேருந்துக்காக நின்றபோது துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நம் இயற்பியல் பேராசிரியர் நூர்ஜஹான் காலமாகிவிட்டார். மருத்துவமனையிலிருந்து திரும்பிவிடுவார் என்றே நம்பியிருந்தேன். வந்த பேருந்தை விட்டுவிட்டேன்.

அவரோடு பணியாற்றிய உங்களுக்கு நினைவிருக்கும். சேர ஆளில்லை என்று இயற்பியல் துறையையே மூடப் பார்த்த ஆண்டு அது. "கம்ப்யூட்டருக்குப் போறவங்களைத் தடுக்க வேண்டாமுங்க. வானத்தை ஒருக்காக் காட்டிப்போட்டு வந்துருவோம்" என்றார். கிணத்துக்கடவுப் பள்ளி ஒன்றில் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டினோம்.

விண்வெளியில் தூசி மேகங்களுக்குள்தான் விண்மீன்கள் பிறக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளி அத்தூசியில் சிக்கிக்கொள்ளும். அகச்சிவப்பு ஒளி பெரும்பாலும் தப்பி வந்துவிடும். அதைப் பிடிக்கும் தொலைநோக்கிக்கு மேகத்தின் உள்ளே நடப்பது தெரியும். இதை விளக்க நூர்ஜஹான் ஒரு மீன்தொட்டியில் சாம்பிராணிப் புகையை நிரப்பி, உள்ளே கையை விட்டார். கை மறைந்தது. உடல் வெப்பத்தின் அகச்சிவப்பைப் பிடிக்கும் கேமராவை ஒரு மில்லில் இரவல் வாங்கியிருந்தோம். அதை நான் தொட்டிப் பக்கம் திருப்பினேன். கை தெரியவில்லை. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய என் முகந்தான் திரையில் மங்கலாகத் தெரிந்தது. கூட்டம் சிரித்தது. துறைக்குப் பூட்டுதான் என்று நினைத்தேன்.

"பேட்டரி தீந்துபோச்சுனு சொல்லிருங்க மேடம்" என்று காதைக் கடித்தேன்.

அவர் மைக்கை வாங்கினார். "தப்பு எங்களுதுங்க. எல்லாருக்கும் தெரியட்டும்னு கண்ணாடித் தொட்டி வெச்சோம். நம்ம கண்ணுக்கு வழி விடற கண்ணாடி இந்தக் கேமராவுக்கு வழி விடாதுங்க. பாடம் நடத்தற ரெண்டு பேருமே மறந்துபோட்டோம்." பிறகு ஓர் அட்டைப்பெட்டியில் சன்னல் வெட்டி, மெல்லிய பாலித்தீன் ஒட்டி, மறுபடி புகை போட்டார். ஐந்து விரலும் திரையில் பளிச்சென்று தெரிந்தன.

தென்னந்தோப்புக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க, தப்பை இப்புடி ஒத்துக்கறதுக்கு எம் பொண்ணுக்கும் சொல்லித் தருவீங்களா?"

"அதுதானுங்க மொதப் பாடம்."

அந்தப் பெண் சேர்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். துறை பிழைத்தது. அதில் இன்று சம்பளம் வாங்கும் நாம் இதை மறக்கக் கூடாது.

"தெரியலீன்னா தெரியலீனு சொல்லிப்போடுங்க, நட்சத்திரம் எங்கீம் ஓடிராது" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் துணிவைத்தான். வகுப்பில் விடை தெரியாதபோது கூசாமல் சொல்லிவிட்டு, நூர்ஜஹான் மேடத்திடம் கேட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். நேற்று ஒரு மாணவி, "மொதமொதல்ல அந்தத் தூசி எப்புடிங்க சார் வந்துச்சு?" என்றாள். "தெரியலீம்மா" என்றேன். பழக்கத்தில் அடுத்த வாக்கியத்தையும் தொடங்கிவிட்டேன். முடிக்க முடியவில்லை.