கோமளாவுக்கு யாரும் பொங்கல் போடாதீங்க

மாட்டுக்குத் தீனி போட யாருக்கும் தெரியும். போட வருகிறவர்களைத் தடுப்பதுதான் என் பிழைப்பு.

கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கறவை மாட்டுக்கும் கன்றுக்கும் எதை, எவ்வளவு, எப்படிக் கொடுக்கலாம் என்று ஆராய்ச்சி செய்கிறேன். பண்ணை மாடு என்றால் கவலையே இல்லை. வேலிக்குள்ளே நிற்கும், போட்டதைத் தின்னும். எனக்கு வாய்த்ததோ மயிலாப்பூர் மாடு. வீட்டில் சர்க்கரைக்கார மாமனாரை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரெல்லாம் "ஒரே ஒரு லட்டுதானே, என்ன ஆயிடப்போகுது" என்று நீட்டும்போது பதறியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி. உங்களிடம்தான் புலம்ப முடியும்.

மாட்டின் பெயர் கோமளா. தேவகி அக்காவுடையது. பறக்கும் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் கொட்டகை, அதில் கோமளா, அது ஈன்ற கிடேரிக் கன்று. அக்காவின் குடும்பம், சொத்து, வியாபாரம் எல்லாம் இவ்வளவுதான். இதற்கு முன்னால் அவரிடம் இருந்த மாடு, மாட்டுப் பொங்கலன்று தெருவே கூடி ஊட்டிவிட்ட சர்க்கரைப் பொங்கலைத் தின்று செத்துப்போனது. ஆமாம், பொங்கல் தின்று மாடு சாகும். வைக்கோலையும் புல்லையும் நிதானமாகப் புளிக்கவைக்கிற வயிறு அதற்கு. சோறும் வெல்லமும் ஒரேயடியாக இறங்கினால் உள்ளே அமிலம் ஏறும், வயிறு அசையாமல் நின்றுபோகும். கோமளாவுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்திலேயே எனக்குப் பாதி நாள் சாப்பாடு இறங்குவதில்லை. ஆராய்ச்சிக்குச் சம்மதிக்கும்போதே அக்கா சொல்லிவிட்டார்: "நீ இன்னா வேணா அளந்துக்கோ, எய்திக்கோ. என் மாட்டுக்கு எதுனா ஆச்சு, அப்பால நான் மனுஷியா இருக்க மாட்டேன் டாக்டரம்மா."

அமாவாசை வரிசை

அமாவாசை என்றால் முன்னோருக்காகப் பசுவுக்கு ஏதாவது கொடுக்காமல் மயிலாப்பூர் சாப்பிடாது. காலையில் கொட்டகை வாசலில் வரிசை நிற்கும். ஒரு கையில் அகத்திக்கீரைக் கட்டு, மறு கையில் வாழைப்பழச் சீப்பு. சிலர் ஊறவைத்த அரிசியில் வெல்லம் பிசைந்து டிபன் பாக்ஸில் கொண்டுவருவார்கள். அட்டையில் எழுதி மாட்டினேன், யாரும் படிக்கவில்லை. கடைசியில் நானே வாசலை மறித்து நின்றுகொண்டு, கீரை மட்டும் கொடுக்கலாம், அதையும் நிறுத்துவிட்டுத்தான் கொடுக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். தராசில் கீரையை வைத்ததும் ஒரு மாமி என்னைக் கொத்தவால் சாவடிக் காய்கறிக்காரியைப் பார்க்கிற மாதிரி முறைத்தார்.

வரிசையில் ஒரு மாமா வந்தார். வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், ரொம்பச் சாது. தர்ப்பணம் முடித்த ஈர வேட்டியோடு, நன்றாகப் பழுத்த ரஸ்தாளிச் சீப்பு ஒன்றை ஏந்திக்கொண்டிருந்தார். "மாமா, பழம் வேண்டாம், ஆராய்ச்சி கெட்டுடும், கீரை போடுங்கோ" என்றேன். "நான் உங்க ஆராய்ச்சிக்குப் போடலையேம்மா, எங்கப்பாவுக்குன்னா போடறேன்" என்றார். சரி, அப்பாவுக்கே ஆகட்டும், கீரையாகப் போடலாமே என்று நானும் விடவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இருந்தவரைக்கும் எங்காத்துல கீரை பண்ணினா தட்டைத் தள்ளிண்டு எழுந்துபோயிடுவார்ம்மா, இப்ப மட்டும் சாப்பிடுவாரா?"

சார் சொன்னது

ஒரு வாரம் பாலைச் சோதித்தால் கொழுப்பு சரசரவென்று இறங்கியிருந்தது. நான் கொடுத்த தீவனத்தில் அப்படி ஆக வாய்ப்பே இல்லை. பயந்துபோய்க் கோமளாவின் பின்னாலேயே அலைந்தேன். பால் கறந்ததும் அக்கா காலாற நடக்க அவிழ்த்துவிடுவார். அது நேரே ஆழ்வார்பேட்டைப் பக்கம் நடந்து, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் போய் நிற்கிறது. கதவு திறக்கிறது. நேற்றைய சோறு ஒரு அன்னக்கூடை நிறைய வெளியே வருகிறது. ரொம்ப நாள் பழக்கம் போல, கொடுத்தவரும் பேசவில்லை, வாங்கியதும் பேசவில்லை. அன்றோடு அவிழ்த்துவிடுவதை நிறுத்தச் சொல்லி, அதற்காக அக்காவிடம் ஒரு மூச்சு திட்டும் வாங்கினேன்.

என் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கோபக்காரர் இல்லை, அதுதான் இன்னும் கலக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அமைதியாகச் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா, ஆனா 'யார் யாரோ போட்டது'ன்னு தீவனப் பட்டியல்ல ஒரு வரி சேர்க்க முடியாது பாரு."

கன்றுக்கு அளவெடுத்தல்

கன்று வளர்கிறதா என்று பார்க்க அதன் மார்பைச் சுற்றி நாடாவால் அளக்க வேண்டும். அளவை வைத்து எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். என்னிடம் இருந்த நாடாவை அந்தக் கன்றே மென்று தின்றுவிட்டது. அது வயிற்றுக்குள் என்ன செய்யுமோ என்று சாணியைக் கிளறிக்கொண்டிருந்த கதையை விட்டுவிடுகிறேன்; முழுசாக வெளியே வந்துவிட்டது, அது போதும்.

புது நாடா வாங்க தி.நகருக்கு ஓடினேன். தையல் சாமான் கடை, திருநெல்வேலிக்காரர். நல்ல நீளமாக, தண்ணீர் பட்டாலும் கெடாததாக வேண்டும் என்றேன். யாருக்கு அளவு, பாவாடை சட்டையா, சுடிதாரா என்று அன்பாக விசாரித்தார். வளர்கிற கன்றுக்குட்டிக்கு என்றேன். கடையில் லைனிங் துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் அசரவில்லை. நாடாவைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்: "வளருத பிள்ளைன்னு சொல்லுதிய, ரெண்டு இஞ்சு விட்டே தையுங்கம்மா."

வேளச்சேரி கிரகப்பிரவேசம்

ஒரு நாள் காலை பால் அளக்கப் போனால் கொட்டகை காலி. மாடும் இல்லை, கன்றும் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டால், பின்னால் நாதஸ்வரச் சத்தம். "நாங்க வேளச்சேரில கீறோம் டாக்டரம்மா. புது வூட்டுக்கு மொதல்ல பசுமாடு போனாத்தானே மனுஷன் போவ முடியும்? வந்து கேட்டாங்க, மாட்டேன்னா சொல்றது?" குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கீரையைத் தவிர வேறு எதுவும் தரக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டாராம். நான் சொல்லியே யாரும் கேட்டதில்லை என்பதால், அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் அதிகமானது. மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலைப் பிடித்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு யுகமாக இருந்தது.

வீடு ஐந்தாவது மாடியில். மாட்டை மேலே ஏற்ற முடியாததால், கார் நிறுத்துமிடத்தில் கோலம் போட்டு அங்கேயே பூஜையை முடித்துவிட்டார்கள். அக்காவைப் பந்தியில் உட்காரவைத்த நேரத்தில், சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் ஊட்டி, ஆளுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கரண்டிக் கணக்கு அலுத்துப்போய் யாரோ பாத்திரத்தையே கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கோமளா பித்தளைத் தவலையின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. முந்திரிகூட மிச்சமில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தவலையை எடுக்க வந்த சமையல்காரர் என் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதீங்க மேடம், உங்களுக்கு மேல தனியா எடுத்து வெச்சிருக்கேன்."

அசை போடுமா?

அமிலத்தை அடக்க ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, அங்கேயே பாட்டிலால் கோமளாவின் வாயில் ஊற்றினேன். கொட்டகைக்குக் கொண்டுவந்து கழுத்தில் டிரிப் ஏற்றினேன். ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் கோமளா தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்தினால், நல்ல மாட்டுக்கு வயிறு உள்ளே உருண்டு கையைத் தள்ளும். நான் அழுத்திக்கொண்டே நின்றேன். ஒன்றும் தள்ளவில்லை. சாருக்குப் போன் செய்தேன். செய்வதையெல்லாம் சரியாகத்தான் செய்கிறாய், இனிமேல் அது அசை போட வேண்டும், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானாம்!

தேவகி அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போன தபா போச்சே, அதே மாரிதான் கீது, அதே மாரிதான் பல்லைக் கடிச்சிது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கன்று தாய்ப்பாலுக்குக் கத்திக்கொண்டே இருந்தது. வேறு வீட்டுப் பாலைப் புட்டியில் ஊட்டினோம். என் மடியில் தலையை வைத்து முட்டி முட்டிக் குடித்துவிட்டு அது மறுபடி அம்மாவைப் பார்த்துக் கத்தியது. நான் எழுதப்போகும் ஆராய்ச்சியெல்லாம் நாசமாய்ப் போகட்டும், இந்த மாடு பிழைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலை, பால்காரர்கள் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போகிற நேரம். முஷ்டிக்கு அடியில் லேசாக ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. நம்பாமல் கையை மாற்றி வைத்துப் பார்த்தேன். மறுபடி உருண்டு தள்ளியது. கோமளா ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அந்தப் புளித்த நாற்றம் என் முகத்திலேயே அடித்தது. நான் நகரவில்லை. அப்புறம் தொண்டையில் ஏதோ மேலே ஏறியது, தாடை பக்கவாட்டில் மெல்ல அசைய ஆரம்பித்தது. "அக்கா, அசை போடுது!" என்று கத்தினேன்.

தேவகி அக்கா கோவில் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். தேம்பித் தேம்பி அழுதார். என்னையும் கட்டிக்கொண்டார், நானும் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, நிறைந்த மனதோடு சொன்னார்: "மாடு எய்ந்து நின்னா வர்ற வெள்ளிக்கெயம பெரிய பானைல சக்கரைப் பொங்கல் வெக்கிறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன் டாக்டரம்மா, சாமிக்குக் காட்டிட்டு மொத உருண்டை நம்ம கோமளாவுக்குத்தான்."

மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் வருஷக்கணக்கில் கற்றுக்கொடுத்தவர்கள், வெள்ளிக்கிழமையன்று அம்மனுக்கும் கோமளாவுக்கும் நடுவில் போய் எப்படி நிற்பது என்பதை மட்டும் பாடத்தில் வைக்காமல் விட்டுவிட்டார்கள்.