அம்மாவின் பின்சீட்டு

என் அம்மா ரத்னமாலா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். மாரடைப்பு. அதைப் பற்றி எழுத எனக்கு வராது. அவள் ஒரு மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுத்ததை எழுத வரும்.

தீர்த்தஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். காலையும் மாலையும் வரிசை நிற்கும். பாலை முகர்வாள், கொழுப்பு பார்ப்பாள், தண்ணீர் கலந்தவரைப் பேர் சொல்லாமல் பிடிப்பாள். "யார் வீட்டு மாடோ இன்னைக்கு நல்லா மழையில நனைஞ்சிருக்கு" என்பாள். வரிசையில் ஒரு தலை குனியும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் அம்மாவுக்கும் கிடையாது. கல்யாணமோ, சாவோ, சிருங்கேரித் தேரோ, "நீங்க போயிட்டு வாங்க" என்று அப்பாவை அனுப்பிவிடுவாள்.

அப்பா சென்னகேசவ, கால்நடை ஆய்வாளர். மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சின்ன வண்டியில் மலைநாடு முழுக்கச் சுற்றியவர். பார்த்த அருவியை, காட்டெருமையை, சரிந்த பாலத்தை எல்லாம் வீட்டுக்கு வந்து சொல்வார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

அம்மா ஓய்வு பெற்ற வாரம் அப்பா வாய் திறந்தார். நெடுந்தூரம் போகிற பெரிய வண்டி ஒன்று வாங்க வேண்டும். ஆகும்பே மலை இறங்கி, கடலோரமாகவே கார்வார் வரை. இரண்டு பேரும். கார் எடுத்துப் போகலாமே என்றேன். காரில் அம்மாவுக்கு இரண்டாவது வளைவிலேயே குமட்டும், மறந்துவிட்டாயா என்றார். அவருடைய பயம் வேறு. வண்டி வந்து வாசலில் நின்ற பிறகும் அவள் தன் பழைய பேச்சையே பேசிவிட்டால்?

நான் புனேயில் வண்டிகளின் பிரேக்கைச் சோதிக்கும் பொறியாளர். புது வண்டிதான் என்று சொன்னேன். ஈரச் சாலையில் சக்கரம் பூட்டாத பிரேக், கம்பெனி உத்தரவாதம், பழுதின் வரலாறு இல்லாத எஞ்சின். அப்பாவுக்குப் பழையது போதும். புது வண்டியில் எங்கே கீறல் விழுமோ என்று பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும், இன்னொருவர் ஓட்டிப் பழக்கிய வண்டிக்குக் குணம் தெரிந்திருக்கும் என்றார். தொலைபேசியில் இரண்டு மாதம் இதே வழக்கு. நடுவில் அம்மா குரல் கேட்கும்: "ரெண்டு பேரும் வாங்கி முடிச்சா சொல்லுங்க. அதுவரைக்கும் அந்தப் போனுக்குச் சார்ஜாவது போடுங்க."

விடுமுறையில் வந்து இருவரையும் ஷிவமொக்காவில் ஒரு ஷோரூமுக்கு அழைத்துப் போனேன். வண்டி உயரமாக, அழகாக நின்றது. விற்பனைப் பையன் பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக் காட்டினான். பெட்டி மாட்டினால் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் கம்பியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் ஒரு பக்கமாக உட்கார இடமில்லை, கால் வைக்கவும் இடமில்லை. அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். அம்மாவின் சேலையைப் பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், அம்மாவும் ஏறட்டும் என்றான் பையன்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அம்மா.

அப்பா ஓட்டிப் பார்க்கவேயில்லை.

அடுத்த வாரம் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். கொப்பாவில் காபித் தோட்டக்காரர் துங்கப்ப கவுடர் தன் வண்டியை விற்கிறார். போனதும் எஞ்சினில் கை வைத்துப் பார்த்தேன். விற்பவர்கள் முன்பே சூடாக்கி வைத்துவிட்டால், குளிரில் கிளம்பாத வண்டியும் ஒழுங்காகக் கிளம்பும். எஞ்சின் சில்லென்று இருந்தது. "தொடவே இல்லம்மா, டாக்டர் மாதிரி நாடி பிடிக்காதே" என்று சிரித்தார் கவுடர். முதல் உதையிலேயே கிளம்பியது. சங்கிலி, பிரேக் தட்டு, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, எல்லாம் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

அப்பாவின் கண் இடது பக்கத்தில் இருந்தது. அங்கே பெட்டி இல்லை. அகலமான மெத்தை, அதன் கீழே கால் வைக்க ஒரு பலகை, சேலை சிக்காமல் முழுத் தகடு. கவுடர் தன் மனைவி சாவித்ரம்மாவுக்காகச் செய்வித்தது. அந்த அம்மாவுக்கு இடுப்பில் அறுவை நடந்து இனி ஏற முடியாது, அதனால்தான் விற்பனை.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். பலகையில் கால் பொருந்தியது. தோட்டத்துக் கேட் வரை போய் வந்தார்கள். அப்பா இறங்கும்போதே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வழக்கு முடிந்தது, அவர் ஜெயித்துவிட்டார்.

காபி வந்தது. கவுடர் அந்த வண்டியில் போன ஊர்களை அடுக்கினார். கார்வாருக்கே மூன்று தடவை போனாராம். கடல் எப்படி இருந்தது என்று அம்மா சாவித்ரம்மாவிடம் கேட்டாள்.

"போறப்போ கடல் என் பக்கம், நல்லா இருந்துச்சு. வர்றப்போ கடல் என் முதுகுப் பக்கம். நான் மலையையும் பெட்ரோல் பங்கையும் பார்த்துட்டு வந்தேன்."

"திரும்பிப் பார்க்கலாமே" என்றார் கவுடர்.

"பார்த்தேனே. அதுல மிச்சம் கழுத்து வலிதான்."

எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தபடி இருந்தாள்.

திரும்பும்போது காரில் முன்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தாள். முதல் வளைவு தாண்டியதும் சொன்னாள்.

"அந்தப் புது வண்டியே எடுங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை. "அதுல நீ எப்படி உட்காருவ?"

"ரெண்டு பக்கமும் கால் போட்டு."

"சேலையிலயா?"

"சேலைக்குள்ள இருக்கறதும் கால்தானே? சுடிதார் போட்டா ஏறாதா?"

அவளே தொடர்ந்தாள். "கல்யாணம் ஆனதுலேருந்து உங்க பின்னாடி இடது பக்கம்தான் பார்த்துட்டு வர்றேன். நம்ம ஊர் ரோட்டுலயே வலது பக்கம் யார் வீடு இருக்குன்னு நடந்து போனாதான் தெரியுது. கார்வார் வரைக்கும் போய்ப் பாதியைப் பார்த்துட்டு வரணுமா?"

கவுடர் வண்டியின் பலகையை அறுத்தெடுத்துவிட்டு, அங்கே இன்னொரு பெட்டி மாட்டலாம், வெல்டிங் வேலைதான் என்றேன். பொறியாளரின் பதில்.

"வேண்டாம் புட்டி. அவங்க உட்கார்ந்த இடம் அது. வாங்கறவங்க யாராவது அதுக்காகவே வாங்குவாங்க" என்றாள் அம்மா. புட்டி என்பது வீட்டில் என் செல்லப் பெயர்.

அவள் எப்படி உட்கார விரும்புகிறாள் என்று அதுவரை எங்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் அந்தப் பின்சீட்டுக்காகத்தான் இரண்டு மாதம் சண்டை போட்டோம்.

நான் புனே திரும்பிய பிறகு புது வண்டி வந்தது; எல்லாவற்றையும் வீடியோ அழைப்பில் பார்த்தேன். பூசை போட்டு, முன்சக்கரத்துக்குச் சாமந்தி மாலை சுற்றினார்கள். அம்மா கருநீலச் சுடிதாரில் வாசலுக்கு வந்தபோது பால் சங்கத்துப் பெண்கள் வேலியோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். "செக்ரட்டரியம்மா, பட்டாளத்துல எடுத்துட்டாங்களா?" என்றாள் ஒருத்தி. "உன் பாலை அளந்ததே பெரிய பட்டாளம்தான்டி" என்றாள் அம்மா. அப்பாவின் தோளைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டாள். முதல் முயற்சியில் பெட்டி இடித்தது. இரண்டாவதில் ஏறிவிட்டாள்.

ஆகும்பே வரைதான் பழக்கச் சுற்று. திரும்பி வந்த அப்பா ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே எனக்குப் போன் செய்தார். "இனிமே நான் டிரைவர் மட்டும்தான் புட்டி. முன்னாடி தெரியுதுல்ல, அதனால லாரி வருது, ஹாரன் அடி, பள்ளம் இருக்கு, பிரேக்கைப் புடின்னு தலையில தட்டிக்கிட்டே வர்றா." குரல் முழுக்கச் சந்தோஷம்.

கார்வார் போனார்கள். பிறகு ஹம்பி, அதன்பின் ஜோக் அருவி. ஜோக்கில் மழை பிடித்துக்கொண்டதாம். நனைந்த சுடிதாரோடு பேருந்து நிழற்குடையில் நின்று இருவரும் மிளகாய் பஜ்ஜி தின்ற படம் ஒன்று என் கைபேசியில் இருக்கிறது. படத்தில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும்.

காரியம் முடிந்து நான் புனே திரும்ப இருந்த நாளில் வண்டியை வெளியே எடுத்துப் பார்த்தேன். டயரில் காற்று குறைந்திருந்தது, அடித்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை அப்பா இரண்டு பேர் எடைக்கும் பெட்டிகளுக்கும் ஏற்ற மாதிரி இறுக்கி வைத்திருந்தார். ஒருவர் மட்டும் ஓட்டினால் பின்பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறும். அதைத் தளர்த்தவென்றே தனி ஸ்பேனர் உண்டு. எடுத்துப் பொருத்தினேன்.

அப்பா பின்னால் வந்து நின்றிருந்தார்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார்.

"முதுகு வலிக்கும்ப்பா."

"தெரியும்."

ஸ்பேனரைக் கழற்றி உறைக்குள் வைத்தேன். அவர் வண்டியைக் கிளப்பி, பின்சீட்டைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, என்னைப் பார்த்து, பேருந்து நிலையம் வரை ஏறு என்றார்.

இரண்டு பக்கமும் கால் போட்டு ஏறினேன்.