டிரில் மாஸ்டரின் சத்தத்துக்கு ஓர் அளவு

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் நூலகத்தில் அவள் ஒலிப்பதிவாளர். வாசிக்க வருகிறவர்கள் வைத்த பெயர் "மெதுவா அக்கா". யாராவது குரலை உயர்த்தினால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை தானாகக் காற்றை அமுக்கும்.

ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் கதை வாசிக்க வந்தார். சோதனைக்காகப் பேசச் சொன்னபோது, பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல், "ஒண்ணு... ரெண்டு..." என்றார். அந்தக் குரலை நம்பி, மைக்கின் உணர்திறனைத் தாராளமாக ஏற்றி வைத்தாள்.

நடுவில் மேலாளர் கூப்பிட்டாரென்று பத்து நிமிடம் எழுந்து போனாள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் கதையில் வெள்ளம் வந்தது. மைதானத்தையே திரும்பிப் பார்க்க வைத்த குரலில் படகுக்காரனாகக் கத்தித் தீர்த்துவிட்டார் மாஸ்டர். திரும்பி வந்தால், சத்தம் அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. போட்டுக் கேட்டால் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரே கரகரப்பு.

"சத்தத்தைக் குறைச்சு வச்சா சரியாயிடாதாம்மா?"

"கிழிஞ்ச சத்தம் சின்னதா கேக்கும் சார், அவ்வளவுதான். தப்பு என்னோடது. மறுபடி படிக்கணும்."

"இன்னொரு தடவை வெள்ளமா!" மாஸ்டர் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் சோதனைக்கு அவள் ஒண்ணு, ரெண்டு என்று எண்ணச் சொல்லவில்லை. "சார், இப்பல்லாம் விளையாட்டுப் பீரியடையும் கணக்கு டீச்சருக்கே கொடுத்துடுறாங்களாமே?" என்றாள் அப்பாவியாக.

"யாரு சொன்னது? எந்த ஸ்கூல்ல?"

சிவப்பு விளக்கு பளிச்சிட்டது. அவர் பொரிந்து தள்ளத் தள்ள, அவள் மைக்கின் உணர்திறனைக் குறைக்கக் குமிழை மெல்லத் திருகினாள். உச்சக் கோபத்திலும் சிவப்பு எரியாத இடம் வந்தது. வெள்ளத்துக்காக இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"போதும் சார். அளவு கிடைச்சிடுச்சு."

"அப்போ... சும்மா கேட்டியா?" முறைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

இந்த முறை கூச்சலும் கிழியவில்லை, படகில் இருந்த சிறுமியின் கிசுகிசுப்பும் தொலையவில்லை. அன்றிலிருந்து வாசிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் எதைச் சொன்னால் கோபம் வரும் என்று விசாரித்து வைப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, அந்தப் பதிவைக் கேட்ட பார்வையற்றவர் ஒருவர் நூலகத்துக்குப் போன் செய்தார். பஸ்ஸில் கேட்டுக்கொண்டு போனவர், படகுக்காரன் கூப்பிட்டதும் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாராம். அதை மாஸ்டரிடம் சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றவர், அதையே மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்டார். மனைவியிடம் சொல்ல வேண்டுமென்று அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.