பஸ்ஸில் வைத்து ‘ஏலா’ என்று சொன்னேன்

போன கிழமை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே தலைசுற்றி விழுந்தேன். இன்று என் பிரஷரைப் பார்த்த டொக்டர், "டீச்சர், பள்ளிக்கூடத்தைத் தவிர மற்ற எல்லாத்தையும் ரெண்டு மாசத்துக்கு விடுங்க" என்றார்.

மற்ற எல்லாம் என்றால் பின்னேர ரியூஷன், தேவாலயப் பாடகர் குழு, மாதர் சங்கச் செயலாளர் வேலை.

கல்லடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சங்கத் தலைவி அக்காவிடமிருந்து போன். ஆண்டு விழாவுக்கு மலர் வெளியிட வேண்டுமாம்.

"நீங்கதான் செய்யணும் தங்கச்சி. உங்கள விட்டா ஆரு இருக்கா?"

"என்னால ஏலா அக்கா. டொக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார்."

"ஓம், கட்டாயம் எடுங்க. ரெஸ்ட் எடுக்கிற நேரம் சும்மாதானே இருப்பீங்க? அப்ப மலர் வேலையப் பாக்கலாமே!"

ஏழு வருடமாக எதற்கும் "ஓம் அக்கா" என்றே சொல்லி வந்தவள் நான். இன்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இல்ல அக்கா. மலரும் ஏலா, செயலாளர் வேலையும் ஏலா. வேற ஆளப் பாருங்க."

பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

பக்கத்தில் இருந்த வயதான அம்மா என்னையே பார்த்தார். "இப்பிடியும் சொல்லலாமா புள்ள?"

பிறகு தன் போனை எடுத்தார். "தம்பி, நாளைக்கு நாப்பது பேருக்குச் சமைக்க என்னால ஏலா. முழங்கால் வீங்கிக் கிடக்கு. கடையில எடுங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

சங்க வாட்ஸ்அப் குழுவில் எனக்குத் தலைக்கனம் கூடிவிட்டது என்று பேச்சு. இருக்கட்டும்.

நீங்கள் கடைசியாக யாருக்கு ‘ஏலா’ சொன்னீர்கள்? எழுதுங்கள், படுத்துக்கொண்டே வாசிக்கிறேன்.